மூன்றாம் பேஸைப் பார்த்த பார்வை

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஷீலா யார் முன்னாலும் தலைகுனிந்து நின்றவள் இல்லை. குரோம்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மிஸ். கல்லூரியில் சாஃப்ட்பால் ஆடியவள். கல்யாணத்துக்குப் பிறகு ஆட்டம் நின்றுபோனது, ஆசை நிற்கவில்லை. அம்பயர் தேர்வு எழுதிப் பாஸ் பண்ணி, சனி ஞாயிறுகளில் மாவட்டப் போட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தாள். தாம்பரம் பக்கத்தில் பெண் அம்பயர் என்றால் அவள் ஒருத்திதான். "ஷீலா மிஸ் சொன்னா கரெக்டா இருக்கும்" என்று பிள்ளைகள் பேசிக்கொள்வது அவள் காதுக்கும் வந்திருக்கிறது. வந்தபோதெல்லாம் உள்ளுக்குள் இனித்துமிருக்கிறது.

அன்று கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் பள்ளிப் பெண்களுக்கான அரையிறுதி. மறைமலை நகர் அணியும் குன்றத்தூர் அணியும் மோதின. மூன்று அம்பயர்கள். பந்தடிக்கிறவள் நிற்கிற பிளேட்டுக்குப் பின்னால் நின்று ஆட்டத்தை நடத்துகிறவர் லக்ஷ்மிநாராயணன் சார்; போட்டிக்கே அவர்தான் பொறுப்பு. ஓடுகிறவள் வரிசையாகத் தொட்டு வர வேண்டிய வெள்ளை மெத்தைகளில் மூன்றாவது, மூன்றாம் பேஸ்; அதன் பக்கம் ஷீலா. வெயில் மண்டையைப் பிளந்தது. சுண்ணாம்புக் கோடுகள் கண்ணைக் கூச வைத்தன. வேப்பமரத்தடியில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெற்றோர் உட்கார்ந்து, மோர் பாக்கெட்டைக் கடித்து உறிஞ்சியபடி கத்திக்கொண்டிருந்தார்கள்.

நாலாவது இன்னிங்ஸில்தான் முதல் தகராறு வந்தது. மறைமலை நகர்ப் பெண் ஒருத்தி மூன்றாம் பேஸுக்குச் சறுக்கி வந்தாள். அங்கே நின்ற குன்றத்தூர் கெசியா பந்தோடு கையை இறக்கினாள். புழுதி எழுந்து இருவரையும் மூடிவிட்டது. ஷீலா நின்ற இடம் ஓர் அடி பின்தங்கிய இடம். கால் முதலில் பேஸில் பட்டதா, பந்து முதலில் காலில் பட்டதா என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனால் தயங்கி நின்றால் அம்பயர் இல்லையே. கையை ஓங்கி, "அவுட்!" என்றாள்.

மறைமலை நகர் கோச் ஷ்யாம்சுந்தர் வெளியே ஓடி வந்தார். நாற்பது வயதிருக்கும், தொப்பியைத் திருப்பிப் போட்டிருந்தார்.

"மேடம், அவ கால் எப்பவோ வந்துடுச்சு. நீங்க அங்கேருந்து எப்டிப் பாத்தீங்க?"

"நான் பாத்ததைத்தான் சொன்னேன். உள்ள போங்க சார்."

"என்னத்தப் பாத்தீங்க? கிச்சன்லேருந்து எட்டிப் பாத்தா இப்டித்தான் தெரியும்."

நாற்காலிகளில் சிரிப்பு வெடித்தது. யாரோ ஒருவர் விசில் கூட அடித்தார். ஆடுகிற பிள்ளைகளில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவரை எச்சரிக்கவும், வெளியே அனுப்பவும் அவளுக்கு அதிகாரம் இருந்தது. அவள் எதுவும் செய்யவில்லை. காது மடல் எரிய, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போய் நின்றாள். அந்த அவுட் ஒருவேளை தப்போ என்ற சந்தேகம்தான் அவள் வாயை அடைத்தது. அந்த மனுஷன் சரியாக அந்தப் புண்ணில் குத்தியதாக அவளுக்குப் பட்டது. அதற்குப் பிறகு ஆட்டம் முழுக்க, பந்தைப் பார்க்காத நேரத்திலெல்லாம் அவள் பார்த்தது அந்தத் திருப்பிப் போட்ட தொப்பியை.

கடைசி இன்னிங்ஸ். இரண்டு அணியும் சமமான ரன். மறைமலை நகர் அடிக்கிறது. இரண்டு பேர் அவுட்; இன்னும் ஒருத்தி அவுட்டானால் இன்னிங்ஸ் முடிந்தது. முதல் பேஸில் சுப்ரஜா என்ற ஒல்லியான பெண் நிற்கிறாள். அடுத்தவள் அடித்த பந்து வலதுபக்கம் கடைக்கோடிக்குப் பறந்தது. சுப்ரஜா ஓடினாள். அப்படி ஓர் ஓட்டத்தை அந்த மைதானம் அன்று பார்க்கவில்லை. இரண்டாம் பேஸைத் தொட்டாள், மூன்றாம் பேஸைச் சுற்றினாள், ஹோம் பிளேட்டை மிதித்தாள். வெற்றி ரன். அவளுடைய கூட்டம் ஓடி வந்து அவளைத் தூக்கிக்கொண்டது.

ஆனால் மூன்றாம் பேஸை அவள் தொடவில்லை. வளைந்து திரும்பிய வேகத்தில் அவளுடைய ஷூ அந்த வெள்ளை மெத்தைக்கு ஒரு சாண் உள்ளே, வெறும் செம்மண்ணில் பதிந்துவிட்டுப் போயிற்று. புழுதி இல்லை, மறைப்பு இல்லை. ஷீலா இம்முறை சரியான இடத்தில் நின்று, தெள்ளத் தெளிவாகப் பார்த்தாள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஓடுகிறவள் ஒரு பேஸைத் தொடாமல் தாண்டிவிட்டால் அம்பயர் தானாக அதைச் சொல்லக் கூடாது. எதிரணிக்காரி அதைக் கவனித்திருந்து, பந்தைக் கையில் வாங்கி, அந்தப் பேஸின் மேல் நின்று, இவள் இதைத் தொடவில்லை என்று முறையிட வேண்டும். அப்பீல் என்பார்கள். அடுத்த பந்து போடுவதற்குள் கேட்க வேண்டும். இது கடைசி ரன் என்பதால், தடுத்து ஆடுகிறவர்கள் ஆடுகளத்தை விட்டு வெளியேறுவதற்குள் கேட்க வேண்டும். கேட்டால் அம்பயர் பார்த்ததைச் சொல்வார், ஓடியவள் அவுட். கேட்காவிட்டால் தொடாத பேஸும் தொட்ட பேஸ்தான், ரன் ரன்தான். அதுவரைக்கும் அம்பயரின் முகம் சுவர் மாதிரி இருக்க வேண்டும். புதிதாக வருகிற அம்பயர்களுக்கு இந்தப் பாடத்தை எடுப்பதே ஷீலாதான். "வாய் மட்டுமில்ல, கண்ணும் பேசக் கூடாது" என்று அவள் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வாள்.

குன்றத்தூர்ப் பிள்ளைகள் தோற்றுவிட்டதாகவே நினைத்துக் கோட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தார்கள். பந்து வீசியவள் அழுதுகொண்டே போனாள். மூன்றாம் பேஸ் கெசியா கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். இன்னும் நாலு எட்டு வைத்தால் எல்லாம் முடிந்துவிடும்.

அந்தப் பக்கம் ஷ்யாம்சுந்தர் தொப்பியை வானத்தில் எறிந்து பிடித்தார். பெற்றோர்களைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன சொன்னார் என்று ஷீலாவுக்குக் கேட்கவில்லை. தன்னைத்தான் சொல்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் நகரவில்லை. மூன்றாம் பேஸைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து கெசியாவைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கண் அவள் கண்ணைச் சந்தித்ததும், மறுபடி பேஸைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே பார்வையை வைத்திருந்தாள்.

கெசியா நின்றாள். அவளும் பேஸைப் பார்த்தாள். பக்கத்தில் மண்ணில் கிடந்த ஷூ தடத்தைப் பார்த்தாள். பிறகு, "ஏய், யாரும் வெளிய போகாதீங்க! பந்து! பந்தை இங்க போடு!" என்று அலறினாள். பந்து வந்தது. ஒரு காலைப் பேஸின் மேல் ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க, "அம்பயர், அந்த ரன்னர் தேர்ட் பேஸ் தொடல" என்றாள்.

ஷீலாவின் கை தானாக உயர்ந்தது. "அவுட்!"

நாலாவது இன்னிங்ஸில் போட்டதை விடச் சத்தமாகப் போட்டாள். போட்ட அந்த நொடியில் அவளுக்கு ஒரு குளிர்ந்த சந்தோஷம் நெஞ்சுக்குள் இறங்கியது. பின்னால் அவளை மிகவும் வதைத்தது அந்தச் சந்தோஷம்தான்.

ஷ்யாம்சுந்தர் மறுபடி ஓடி வருவார், சண்டை போடுவார் என்று அவள் காத்திருந்தாள். இந்த முறை சரியான பதில் கையில் இருந்தது. அவர் வரவில்லை. தோழிகளின் தோளிலிருந்து இறங்கி நின்ற சுப்ரஜாவைக் கூப்பிட்டார்.

"தொட்டியா நீ?"

அவள் மூன்றாம் பேஸைத் திரும்பிப் பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லும்மா. தொட்டியா?"

"இல்ல சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, பிள்ளைகளைத் திரும்ப இடத்துக்குப் போகச் சொன்னார். கூடுதல் இன்னிங்ஸ் ஆடினார்கள். ஜெயித்த ஆட்டத்தைக் கை நழுவ விட்ட பிள்ளைகளால் அதற்குப் பிறகு ஒரு பந்தையும் ஒழுங்காகப் பிடிக்க முடியவில்லை. குன்றத்தூர் ஜெயித்து இறுதிக்குப் போனது.

ஆட்டம் முடிந்து ஷீலா தண்ணீர் குடிக்கப் போனபோது சுப்ரஜா குழாயடியில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிக் கழுவி மாளவில்லை. அவளோடு ஆடிய பெண்கள் ஒருவரும் பக்கத்தில் இல்லை. அவளுடைய அப்பா, கார் தொழிற்சாலைச் சீருடையோடு ஷிஃப்ட் முடித்து வந்தவர், எல்லோர் முன்னாலும் உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். "கண்ணு தெரியாதா? அவ்ளோ பெருசா வெள்ளையா போட்டு வெச்சிருக்கான். குருடி கூட மிதிச்சிட்டுப் போவா!" ஷீலா தண்ணீர் குடிக்காமலே திரும்பினாள்.

லக்ஷ்மிநாராயணன் சார் அவளைப் பிடித்துக்கொண்டார். "பிரமாதம் ஷீலா. எல்லாரும் பந்தைப் பாத்துண்டிருந்தோம். நீங்க ஒருத்தர்தான் காலைப் பாத்திருக்கீங்க. நாளைக்கு ஃபைனல்ல பிளேட் நீங்கதான் நிக்கறீங்க. நான் முடிவு பண்ணிட்டேன்."

இறுதி ஆட்டத்தில் பிளேட்டுக்குப் பின்னால் நிற்க அவள் எத்தனையோ வருஷமாக ஆசைப்பட்டிருந்தாள். கேட்டும் பார்த்திருந்தாள். "பாக்கலாம்மா" என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்வார்கள். இப்போது அது தானாக வந்து கையில் விழுந்தது. "தேங்க்ஸ் சார்" என்றாள்.

அடுத்து வந்தவர் ஷ்யாம்சுந்தர். அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மேடம், ஒரு நிமிஷம். மத்தியானம் நான் பேசினது ரொம்பத் தப்பு. எங்க வீட்டம்மா கேட்டிருந்தா செருப்பாலயே அடிச்சிருப்பா. மேட்ச் டென்ஷன்ல வாய் போயிடுச்சு. நீங்க குடுத்த கடைசி டெசிஷன் நூத்துக்கு நூறு கரெக்ட். குழந்தையே ஒத்துக்கிட்டா. என்னை மன்னிச்சிடுங்க."

அவர் சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஷீலா, "பரவால்ல சார்" என்றாள். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஸ்கூட்டரை எடுக்கப் போன இடத்தில் கெசியா ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மிஸ்! ரொம்பத் தேங்க்ஸ் மிஸ்."

"எதுக்கும்மா?"

கெசியா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க அப்டிப் பாக்கலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது மிஸ். நான் பந்து போற பக்கம்தான் பாத்துகினு இருந்தேன். யார்கிட்டயும் சொல்லல. எங்க கோச்சுகிட்ட நானே பாத்தேன்னு சொல்லிட்டேன். நாளைக்கும் நீங்கதான் அம்பயராமே?"

சொல்லிவிட்டு, ரகசியம் தெரிந்த இரண்டு பேர் சிரித்துக்கொள்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு ஓடினாள்.

ஷீலா ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அதுவரை அவள் தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாய் திறக்கவில்லை, விரலைக் காட்டவில்லை, என் பேஸை நான் பார்த்தேன், அவ்வளவுதான் என்று. அந்தப் பெண் ஒரே வார்த்தையில் அதை உடைத்துப் போட்டுவிட்டாள். அதோடு போகவில்லை. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைத் தன்னோடு கூட்டுச் சேர்த்து, பொய் சொல்லவும் வைத்தாகிவிட்டது. அம்பயரும் நம்ம பக்கம் என்று நினைக்கிற அந்தப் பிள்ளையின் ஆட்டத்துக்கு நாளைக்கு ஷீலாதான் பிளேட் அம்பயர்.

உடனே திரும்பிப் போய் லக்ஷ்மிநாராயணன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, சுற்றும் பார்த்து, அவளை ஓரமாக அழைத்துக்கொண்டு போனார்.

"ஏம்மா, நீங்க வாயத் தொறந்தேளா?"

"இல்ல சார். ஆனா வேணும்னுதான் பாத்தேன்."

"அந்தப் பொண்ணு பேஸைத் தொட்டாளா?"

"தொடல."

"அப்பறம் என்ன? அவுட் அவுட்தான். நியாயமா எது நடக்கணுமோ அது நடந்திருக்கு. இத வெளில சொன்னா டோர்னமென்டே பேஜாராயிடும். பேரன்ட்ஸ் நம்மளச் சும்மா விடுவாளா? வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்கோ."

வீட்டில் ஃபிரெடி, அவள் கணவன், மீன் குழம்பைச் சுட வைத்துக்கொண்டிருந்தான். அவனும் ஆட்டம் தெரிந்தவன்தான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"அந்த ஆளு பேசின பேச்சுக்கு நல்லா வேணும். நானா இருந்தா நாலாவது இன்னிங்ஸ்லயே வெளிய அனுப்பியிருப்பேன்."

"அதைத்தான் ஃபிரெடி நான் செஞ்சிருக்கணும். அவரை நேருக்கு நேரா அனுப்பியிருக்கணும். அதுக்குத் தைரியம் இல்லாமப் போய், ஒரு சின்னப் பொண்ணு மேல காட்டிட்டேன்."

அவன் சிரிப்பை நிறுத்தினான். தட்டில் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தான். அவள் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சில் முதல் ஆராதனைக்குப் போனார்கள். பாவ அறிக்கையை எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது அவளும் சொன்னாள். தடங்கல் இல்லாமல் வந்தது. இத்தனை குரல்களுக்கு நடுவில் ஒரு குரல் தனியாகக் கேட்காது என்பதால்தான் இவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவளுக்குத் தோன்றியது. பிரசங்கம் முடியும் வரை இருக்கவில்லை. ஃபிரெடியிடம் சைகை காட்டிவிட்டு வெளியே வந்து, நேராக மைதானத்துக்கு ஸ்கூட்டரை விட்டாள்.

மறைமலை நகர்ப் பிள்ளைகள் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்துக்கு உடம்பைத் தளர்த்திக்கொண்டிருந்தார்கள். ஷ்யாம்சுந்தர் மட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சுப்ரஜா பக்கத்தில் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். கெசியாவின் பெயரைச் சொல்லக் கூடாது என்று ஷீலா வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்திருந்தாள். ஆனால் விஷயத்தைச் சொன்னால் அந்தப் பெண்ணையும் சொன்னதாகத்தான் ஆகும் என்பது வாயைத் திறக்கும்போதுதான் உறைத்தது.

"சார், நேத்து அந்த அப்பீல்... அவங்க யாரும் கவனிக்கல. நான்தான் காட்டிக் கொடுத்தேன். பேஸையும் அந்தப் பொண்ணையும் மாத்தி மாத்திப் பாத்தேன், அவளுக்குப் புரியட்டும்னு."

ஷ்யாம்சுந்தர் நிமிர்ந்தார். கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்தது.

"ஏன் மேடம்?"

"நீங்க பேசினது மனசுல இருந்துச்சு. நீங்க தோக்கணும்னு நெனச்சேன்."

"நான் பேசினதுக்கு என்னைத்தான கேட்டிருக்கணும்? என்னை வெளிய அனுப்பியிருக்கலாமே? குழந்தைங்க என்ன பண்ணாங்க?"

"ஆமா சார்."

"நேத்து நான் மன்னிப்புக் கேட்டப்ப நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"ஆமா."

"பரவால்லன்னு சொன்னீங்க."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தண்ணீர் பாட்டில் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. சுப்ரஜா குழாயை மூடாமல் இவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ அந்தக் கெசியா பாக்கலையா மிஸ்?" என்றாள்.

"இல்லம்மா."

"நேத்துலேருந்து எல்லாரும் என்னைத் திட்டினாங்க. நான் என்ன நெனச்சேன்னா, அவ அவ்ளோ கவனமா ஆடியிருக்கா, அதான் ஜெயிச்சிட்டா, பரவால்லன்னு நெனச்சேன். அதை நெனச்சுத்தான் இன்னைக்கு ஆட வந்தேன்." அவள் குரல் உடைந்தது. "இப்ப அதுவும் இல்லியா?"

ஷீலா அதற்குத் தயாராக வரவில்லை. சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணின் பாரம் குறையும், பழி தன் மேல் வந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தாள். உண்மையைச் சொன்னதில் லேசானது தன் மனசு மட்டும்தான் என்று கண்ட அந்த இடத்தில், நேற்றைய வெட்கத்தை விடப் பெரிய வெட்கம் வந்து அவளை மூடியது.

"நான் தொடலன்னு எனக்கு அப்பவே தெரியும் மிஸ்," என்றாள் சுப்ரஜா, பாட்டிலைப் பார்த்துக்கொண்டு. "பிளேட்டுக்கு வந்ததுமே தெரியும். திரும்பி ஓடிப் போய்த் தொட்டுட்டு வரலாமான்னு ஒரு செகண்ட் நெனச்சேன். அதுக்குள்ள தூக்கிட்டாங்க. யாரும் பாத்திருக்க மாட்டாங்கன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

ஷ்யாம்சுந்தர் போய்க் குழாயை மூடினார். "வா, ஆடப் போலாம்" என்று அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்து அழைத்துக்கொண்டு போனார். போகிற போக்கில், திரும்பாமலே, "லக்ஷ்மிநாராயணன் சார்கிட்ட நான் பேசணும் மேடம். நீங்களும் வாங்க" என்றார்.

பேசினார்கள். முடிவு மாறவில்லை, ஓடியவள் தொடவில்லை என்பது உண்மை, அப்பீல் நேரத்துக்குள் கேட்கப்பட்டதும் உண்மை, ஆகவே குன்றத்தூர் ஜெயித்தது ஜெயித்ததுதான். ஷீலாவுக்கு இந்த வருஷம் முழுக்க அம்பயர் வேலை கிடையாது என்று லக்ஷ்மிநாராயணன் சார் சொன்னார். சொல்லும்போது அவருக்குக் கோபம்தான் அதிகமாக இருந்தது. "நான்தான் மூடி வெச்சேனே. நீங்களே தொறந்துட்டேளே" என்றார். நாலாவது இன்னிங்ஸில் கொடுத்த அவுட்டும் தனக்கு நிச்சயமில்லை என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். "போதும்மா, போதும்" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

மிச்சம் இருந்தது கெசியா. வேறு யார் வாயிலிருந்தாவது அவள் கேட்கக் கூடாது என்று ஷீலா குன்றத்தூர்ப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த மரத்தடிக்கு வேகமாகப் போனாள். கெசியா தனியாக, கால்களை நீட்டி உட்கார்ந்து, எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஷீலாவைக் கண்டதும் எழுந்து அதே சிரிப்பைச் சிரித்தாள்.

"கெசியா, நேத்து நடந்ததை நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

சிரிப்பு நின்றது. "எல்லார்கிட்டயுமா? எங்க கோச்சுகிட்டயுமா?"

"அவருக்கும் இப்போ தெரிஞ்சிருக்கும்."

"ஐயோ மிஸ்... நானே பாத்தேன்னு சொன்னேனே. நேத்து எல்லாரும் எனக்குக் கை தட்டினாங்க." கையில் பொட்டலம் அப்படியே நின்றது. "நான் பண்ணது தப்பா மிஸ்?"

"இல்லம்மா. நீ கேட்டது சரி. நான் காட்டினதுதான் தப்பு."

"அப்போ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சொல்லியிருக்கலாமில்ல?"

எல்லாரிடமும் சொல்லிவிட்டுக் கடைசியாக இங்கே வந்திருக்கிறாள். கெசியா உட்கார்ந்து, பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்ட ஆரம்பித்தாள். ஷீலா நின்று பார்த்தாள். அந்தப் பெண் நிமிரவே இல்லை.

மத்தியானம் ஃபிரெடி வந்து சேர்ந்தபோது இறுதி ஆட்டம் தொடங்கியிருந்தது. பிளேட்டுக்குப் பின்னால் லக்ஷ்மிநாராயணன் சாரே நின்றார். செய்தி அதற்குள் மைதானம் முழுக்கப் பரவிவிட்டது. ஷீலா பெற்றோர்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. பின்னால் யாரோ குசுகுசுவென்று பேசுவதும், பேச்சு திடீரென்று நிற்பதும் கேட்டது. சுப்ரஜாவின் அப்பாவும் ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு முறை திரும்பி அவளைப் பார்த்தார். திட்ட வாயெடுத்த மாதிரி இருந்தது, திட்டவில்லை.

கெசியா மூன்றாம் பேஸில் நின்றாள். வந்த முதல் பந்தையே கோட்டைவிட்டாள். இரண்டாவதைப் பிடித்தாள்.

ஃபிரெடி பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். நிலைமையைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"வீட்டுக்குப் போலாமா?" என்றான் மெதுவாக. "எல்லாரும் உன்னையே பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"வெயில் வேற. கிளம்பு ஷீலா."

"இல்ல. மேட்ச் முடியற வரைக்கும் இருக்கேன்."

அவன் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. மோர் விற்கிறவனைக் கூப்பிட்டு ஒரு பாக்கெட் வாங்கி, முனையைக் கடித்துத் துப்பிவிட்டு அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். புடவைத் தலைப்பை முகத்துக்கு இழுத்து மறைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மறைத்துக்கொள்ளாமல், முதுகை நிமிர்த்தி, எல்லோரும் பார்க்கிற இடத்தில் கடைசிப் பந்து வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.